இறுக்கமும் நெகிழ்வும்: தென் திருவிதாங்கூர் ஆடை வரலாற்றில் சில எண்ணங்கள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆளுக்கு அகவை ஏற ஏற, பாதியாகிய ஆடையும் மாறிக்கொண்டே வருகிறது என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. அதனை நமக்குச் சொன்னவர் வித்துராச் சந்திப்பிலுள்ள தையற்காரர் ஒருவர்.

நடுவண் அரசுப் பணியின் பொருட்டுப் பொன்முடி மலையடிவாரத்து இச்சிற்றூருக்கு மாற்றலாகி வந்த பின், அலுவலகத்திற்கென இரண்டு கால்சட்டைகள் தைக்கக் கொடுத்தோம். பழைய அளவையே எழுதிக்கொள்ளுமாறு கூறினோம். அவரோ அளவுநாடாவை நம் இடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்து, மெல்லச் சிரித்து, "சாரே, பழைய அளவு பழைய ஆளுக்குள்ளது" என்றார். அவர் சொன்னது நகைச்சுவை. ஆயினும் அதில் ஒரு வரலாறு பொதிந்துள்ளது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணினோம். கல்லூரி நாள்களில், உட்கார்ந்தால் எங்கே கிழியுமோ என்று அஞ்சத்தக்க இறுக்கமான கால்சட்டையை ஆசையோடு அணிந்தவர்கள் நாம். இன்று மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் முதல் வேலையாக அரைக்கச்சையை அவிழ்த்துவிட்டு, நான்கு முழ வேட்டியைத் தழையக் கட்டிக்கொள்ளும்போது கிடைக்கும் இன்பம் சொல்லில் அடங்காது. இம்மாற்றம் நம் ஒருவருடையது மட்டுமன்று. நம் தந்தையர்க்கும் தாயர்க்கும் நேர்ந்ததே. எனினும் நம் தாயர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தையலில்லா ஆடை அகவையை அறியாதது. வேட்டியும் சேலையும் நெய்த தறியிலிருந்து இறங்கியவாறே உடலைச் சுற்றிக்கொள்வன. இடை பெருத்தால் ஒரு மடிப்புக் குறையும். இளைத்தால் ஒரு மடிப்புக் கூடும். அவ்வளவே. இருபது அகவையில் கட்டிய வேட்டியை எழுபது அகவையிலும் கட்டலாம். ஆகவே பழந்தமிழருள் பெரும்பாலோர்க்கு இறுக்கம், தளர்வு என்னும் சிக்கல் மிகுதியாக எழுந்திருக்க வாய்ப்பில்லை.

தைத்த ஆடையைப் பழந்தமிழர் அறியாதவரல்லர். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் சட்டை அணிந்தவராகக் காட்டப்பெறுகின்றனர். அதற்கு அப்புலவர் வழங்கும் சொல் 'மெய்ப்பை' என்பதாகும். உடம்பைப் போட்டு வைக்கும் பை என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்! சிலப்பதிகாரத்திலும் 'கஞ்சுக முதல்வர்' எனச் சட்டையணிந்த அரசப் பணியாளர் வருகின்றனர். காவலர்க்கும் ஏவலர்க்கும் உரிய சீருடையாகவே சட்டை அங்குத் தோன்றுகிறது. மகளிர் மார்பில் அணிந்த கச்சும் வாரும் பெயராலேயே கட்டினை உணர்த்துவன. அவை இளமைக்குரிய அணிகளாகவே இலக்கியங்களிற் பெரிதும் பேசப்பெறுகின்றன. இறுகக் கட்டுதல் இளமைக்கும் போருக்கும் உரியது. தளர உடுத்தல் முதுமைக்கும் இல்லத்திற்கும் உரியது. இவ்வியல்பு அன்றே அரும்பிவிட்டது எனலாம்.

இனி நம் தென் திருவிதாங்கூருக்கு வருவோம். இங்கே ஆடை என்பது உடலின் வசதியைப் பொறுத்ததாக இருந்ததில்லை. பிறப்பைப் பொறுத்ததாகவே இருந்தது. யார் எதை, எந்த அளவுக்கு உடுக்கலாம் என்பதை வழக்கமும் அரசாணையும் வரையறுத்தன. அந்நாள் ஆவணங்களில் 'சாணார்' என்று குறிக்கப்பெற்ற நாடார் குல மகளிர் இடைக்கு மேல் துணி அணிதல் கூடாது என்பது அவ்வழக்கங்களுள் ஒன்று. மார்பைத் திறந்து நிற்றல் மேலோர்க்குக் காட்டும் மரியாதையாகக் கருதப்பட்டது. அன்றைய சமுதாயத்தின் பல படிகளிலும் இவ்வழக்கம் இருந்தது. ஆயினும் அடித்தட்டு மக்கள்மீது அது இழிவாகவே சுமத்தப்பட்டது.

லண்டன் மிஷன் சங்கத்தார் நாஞ்சில் நாட்டில் பணி தொடங்கிய பின், சமயம் மாறிய மகளிர் மேனியை மறைக்க விரும்பினர். கர்னல் மன்றோ ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த காலத்தில், 1814-இல், ஓர் ஆணை பிறந்தது. சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற 'குப்பாயம்' என்னும் சட்டையைக் கிறித்தவ நாடார் மகளிர் அணியலாம். ஆனால் உயர்குல மகளிர் போலத் தோளில் மேலாடை இடுதல் கூடாது என்பதே அதன் சாரம். இதற்கெனவே மிஷனரி மீட் அவர்களின் துணைவியார் குறுங்கை உடைய, தொளதொளப்பான, எளிய சட்டை ஒன்றை வகுத்தளித்தார். தென் திருவிதாங்கூரின் உழைக்கும் மகளிர் முதன்முதலாகப் பெருவாரியாக அணிந்த தைத்த மேலுடை இதுவே என்று கருத இடமுண்டு. அது இறுக்கமான ரவிக்கையன்று. நெகிழ்வான சட்டை என்பதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அச்சட்டையோடு அம்மகளிர் நிறைவடையவில்லை. சட்டைக்கு மேல் தோள்சீலையும் இட்டனர். சட்டை மேனியை மறைத்தது. தோள்சீலையோ மானத்தைக் காத்தது. 1822-இல் கல்குளம் பகுதியில் கலகம் மூண்டது. 1827-ஆம் ஆண்டு முதல் மீண்டும் பரவியது. சந்தைக்குச் சென்ற பெண்களின் மேலாடைகள் பொது இடத்திற் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் வழிபாட்டுக் கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரச அறிவிப்புச் சட்டைக்கு இசைவளித்துத் தோள்சீலையை மறுத்தது. இதே மண்ணில் சாமித்தோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் (1809–1851), தம் அடியவரைத் தலைப்பாகை கட்டி வழிபடுமாறு பணித்ததும் இக்காலத்தை ஒட்டியதே. ஒரு முழத் துணிக்குள் ஒரு மனிதனின் தலைநிமிர்வு அடங்கியிருந்த காலம் அது.

1858-இன் இறுதியில் கலவரம் மூன்றாம் முறையாக வெடித்தது. அப்போது உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னராகவும், டி. மாதவராவ் திவானாகவும் இருந்தனர். சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவிலியன் வற்புறுத்தியதன் பின்னர், 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வெளியாயிற்று. நாடார் மகளிர் அனைவரும், எச்சமயத்தவராயினும், சட்டை அணியலாம். முக்குவ மகளிர் போல முரட்டுத் துணியால் மேனியை மறைத்துக்கொள்ளலாம். ஆயினும் உயர்குல மகளிரின் பாணியில் உடுத்தல் ஆகாது என்றது அவ்வறிவிப்பு. முழு வெற்றியன்று, ஆயினும் கதவு திறந்தது. நாளடைவில் எஞ்சிய தடைகளும் வழக்கொழிந்தன.

கல்குளம் வட்டத்திலிருந்து வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இஃது ஏட்டு வரலாறு அன்று. நம் பாட்டியார் இறுதி நாள் வரை முழங்கையைத் தொடும் தொளதொளத்த சட்டையையே அணிந்திருந்தார். சிறுவராகிய நாம் அதனைக் கண்டு நகைத்ததுண்டு. அந்தச் சட்டைக்குப் பின்னால் நாற்பத்தைந்து ஆண்டுப் போராட்டம் நின்றது என்பதை அறியும் அகவையை நாம் அடைந்தபோது, நகைத்ததற்காக வருந்துவதற்கு அவர் இல்லை.

இனி, இந்நெகிழ்ந்த சட்டை இறுகிய ரவிக்கையானது எங்ஙனம்? காரணங்கள் பல. ஒன்று, தையற்பொறி. ஐசக் சிங்கர் 1851-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொறி, பின்னர் நம் நாட்டுச் சிற்றூர்த் திண்ணைகளையும் எட்டியது. கையால் தைப்பதினும் விரைவாக, உடலோடு ஒட்டத் தைத்தல் எளிதாயிற்று. இரண்டு, புதிய நாகரிகம். வங்கத்தில் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி சேலையோடு ரவிக்கையையும் உள்பாவாடையையும் இணைத்து உடுக்கும் பாங்கினைப் பரவச் செய்தார். மூன்று, ஓவியம். வித்துராவுக்கு அண்மையிலுள்ள கிளிமானூரிற் பிறந்த இராஜா இரவிவர்மா (1848–1906) தீட்டிய தேவியரும் அரசியரும் சேலையும் ரவிக்கையும் அணிந்து நின்றனர். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வாயிலாக அப்படங்கள் எளியோர் வீட்டுச் சுவர்களிலும் இடம் பெற்றன. திருமகளே ரவிக்கை அணிந்து காட்சி தரும்போது, வணங்கும் மகளிர் அணியாதிருப்பரோ?

இவ்வாறு மறைப்பதற்காக வந்த தையலாடை, வடிவைக் காட்டுவதற்கான ஆடையாக மாறியது. தையலின் நேர்த்தி என்பது இறுக்கத்தின் நேர்த்தி என்றாயிற்று. உடலோடு ஒட்டியது நல்ல தையல். ஒட்டாதது பட்டிக்காட்டுத் தையல் என்னும் எண்ணம் வேரூன்றியது.

இதே காலத்தில் மேலைநாட்டு மகளிர் எதிர்த் திசையில் நடக்கத் தலைப்பட்டனர் என்பது வியப்புக்குரியது. இடையை நெரிக்கும் 'கார்செட்' என்னும் உள்ளாடைக்கு எதிராக 1881-இல் லண்டனில் 'அறிவார்ந்த உடைக் கழகம்' தோன்றியது. எந்தப் பெண்ணும் ஏழு பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோவுக்கு, மேற்பட்ட எடையில் உள்ளாடை அணிய வேண்டியதில்லை என்று அக்கழகத்தார் முழங்கினர். ஏழு பவுண்டு என்பது அவர்கள் வேண்டிய குறைப்பு என்றால், முன்பு சுமந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொள்க. நம் மகளிர் மேனியை மறைக்கும் உரிமைக்காகப் போராடினர். அவர்கள் மூச்சுவிடும் உரிமைக்காகப் போராடினர். இரண்டும் ஒரே விடுதலையின் இரு முகங்களே.

ஆடவர் உலகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் நம் தமிழ் மண்ணில் நிகழ்ந்ததே. 1888-இல் சட்டம் பயிலச் சென்ற இளைஞர் காந்தி, லண்டன் நாகரிகத்திற்கு ஒப்பப் பாண்டுத் தெருவில் பத்துப் பவுன் செலவிட்டு மாலை விருந்துடை தைத்துக்கொண்டதைத் தம் வரலாற்றில் தாமே எழுதியுள்ளார். அவரே 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, முழு உடையை நீத்து அரையாடை மட்டும் உடுத்து வெளிவந்தார். ஐம்பத்திரண்டாம் பிறந்த நாளுக்குப் பத்து நாள்களே இருந்தன. ஏழை மக்களின் ஆடையின்மையே அதற்குக் காரணம். உடல் வசதியன்று என்பது உண்மையே. எனினும், இளமையில் பிறர் கண்ணுக்காக உடுத்தவர் முதிர்ச்சியில் தம் உள்ளத்திற்காக உடுத்தார் என்னும் உண்மையும் அதனுள் அடங்கும். 1925 மார்ச்சில் வர்க்கலையில் திருவிதாங்கூர் மகாராணி சேதுலட்சுமி பாயியைக் காணச் சென்றபோதும் அவ்வெளிய உடை மாறவில்லை. மேலாடைக்காகக் குருதி சிந்திய அரசின் அரசி முன்னே, மேலாடையைத் தாமே துறந்த ஒருவர் அமர்ந்திருந்தார். கட்டாயத்தால் இழப்பது வேறு. மனத்தால் துறப்பது வேறு.

உடலின் பக்கமும் சிறிது காண்போம். அகவை நாற்பதைக் கடந்தால் தசை குறைந்து, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்தல் பெரும்பாலோர்க்கு இயல்பு. முதுமையில் தோலும் மெலிந்து, எளிதில் உராய்ந்து புண்ணாகும். இடைக்கச்சை இறுகினால் இரைப்பைப் புளிப்பு மேலேறி நெஞ்செரிச்சலைக் கூட்டும். இறுகிய கால்சட்டை இடுப்பருகே ஒரு நரம்பை அழுத்த, தொடையின் வெளிப்புறம் மரத்துப்போதலும் உண்டு. ஆகவே தளர்வை நாடுதல் சோம்பலன்று. உடல் எழுதும் விண்ணப்பம்.

அவ்விண்ணப்பத்தைப் புறக்கணித்தால் நேர்வதை நம் இல்லத்திலேயே கண்டோம். நம் அன்னையார் ஐம்பது ஆண்டுகளாக உள்பாவாடையின் நாடாவை ஒரே இடத்தில் இறுக முடிந்து பழகியவர். சேலை நழுவிவிடுமோ என்னும் அச்சம் அவரை விட்டு நீங்கியதே இல்லை. இடையைச் சுற்றிக் கறுத்த வடு ஒன்று ஓடியது. ஒருநாள் அது புண்ணாயிற்று. பல திங்கள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் முதலிற் சொன்னது, "நாடாவைத் தளர்த்துங்கள் அம்மா" என்பதே. இறுகக் கட்டிய வேட்டி இடையில் உண்டாக்கும் நீண்டகாலத் தழும்பிலிருந்து புற்று தோன்றக்கூடும் என்பதனை 1945-ஆம் ஆண்டிலேயே பம்பாய் அறிஞர்களாகிய கனோல்கரும் சூர்யாபாயும் எழுதினர். சேலை உடுக்கும் மகளிரிடமும் அத்தகைய நோய் பின்னர்க் கண்டறியப்பட்டது. மிக அரிதான நோயே அது. நற்பேறாக நம் அன்னையாரின் புண் அத்தகையதன்று, மருந்தால் ஆறியது. ஆயினும் ஆய்வு முடிவு வரும்வரை காத்திருந்த அந்தப் பத்து நாள்களை நாம் மறப்பதற்கில்லை. ஆறாத புண்ணோ, நிறம் மாறிய வடுவோ இடையில் இருப்பின் நம் வீட்டுப் பெரியோர் அதனை மறைக்காது மருத்துவரிடம் காட்டல் வேண்டும். மெல்லிய நாடாவுக்கு மாறாக அகன்ற பட்டை தைத்த பாவாடை அணிதலும், முடிச்சின் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுதலும் நலம்.

புண் ஆறும்வரை 'நைட்டி' அணியுமாறு வேண்டினோம். அன்னையார் இசையவில்லை. "மக்களே, நாலு பேரு வார வீட்டுல இந்தச் சாக்கைப் போட்டுகிட்டு நிக்கவா?" என்றார். அவர் பாட்டியின் காலத்தில் தொளதொளத்த சட்டையே மானத்தின் சின்னமாக இருந்தது. அவர் காலத்தில் அதே தொளதொளப்பு மானக்கேடாகத் தோன்றியது. துணி மாறவில்லை, பார்க்கும் கண்ணே மாறியது.

அன்னையாரின் அச்சம் முற்றிலும் பொய்யுமன்று. 2018-இல் ஆந்திர மாநிலம் மேற்குக் கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளி என்னும் ஊரில், பகலில் நைட்டி அணியும் மகளிர்க்கு இரண்டாயிரம் ரூபாய் தண்டம் என ஊர்ப் பெரியவர்கள் விதித்ததை நாளிதழ்களில் கண்டோம். நம் திருவனந்தபுரத்திலேயே, பத்மநாப சுவாமி கோயிலுக்குள் மகளிர் சுரிதார் அணிந்து செல்லலாம் என 2016 நவம்பரில் வந்த இசைவு, டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. கோயில் மரபு வேறு, வீட்டு முற்றம் வேறு என்பதை நாம் அறிவோம். மரபைப் பழிப்பதும் நம் கருத்தன்று. ஆனால் பெண்ணின் ஆடையைப் பற்றிப் பேசுவோருள், அவ்வாடைக்குள் இருக்கும் உடலைப் பற்றிக் கேட்போர் குறைவாகவே உள்ளனர் என்பதைச் சொல்லாதிருக்க இயலவில்லை.

போணக்காடு, பொன்முடித் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைப் பாருங்கள். கொழுந்தெடுக்கும் பெண் சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார். முள்ளுக்கும் பூச்சிக்கும் வெயிலுக்கும் அதுவே கவசம். அது தளர்வா, இறுக்கமா, ஆடவர் உடையா, மகளிர் உடையா என்று அவர் ஆராய்வதில்லை. வேலைக்கு உதவுகிறதா என்றே காண்கிறார். ஆடை பற்றிய அறிவு அவரிடமே உளது என்றால் மிகையாகாது.

அன்னையார் கதையின் முடிவையும் கூறிவிடுகிறோம். அடுத்த வீட்டு மலையாள அம்மையார், அன்னையாரினும் இரண்டு அகவை மூத்தவர், ஒருநாள் நைட்டியின்மேல் ஒரு துவர்த்தைத் தோளில் இட்டுக்கொண்டு நலம் உசாவ வந்தார். அரை நாழிகை பேசிச் சென்றார். மறுநாள் காலையில் நம் அன்னையாரும் நைட்டி அணிந்து, தோளில் ஒரு துண்டை இட்டுக்கொண்டு, முற்றத்தில் நின்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் கிடந்த அத்துண்டைக் கண்டபோது, 1859-ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வந்தது. முன்னோர் போராடிப் பெற்ற தோள்சீலை அதுவன்றோ!

சங்கக் குடும்பத்தாராகிய நாம் பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்து வந்தவர்கள். புது ஊரில் பிறர் என்ன எண்ணுவரோ என்னும் கவலை நமக்குச் சற்று மிகுதி. அக்கவலையால் நம் இளையோரின் இறுக்கமான உடையைக் கண்டு சினக்கிறோம். முதியோரின் தளர்ந்த உடையைக் கண்டு நாணுகிறோம். இளமை இறுக்கத்தை விரும்பும். முதுமை நெகிழ்வை விரும்பும். இரண்டிற்கும் இடையில் நின்று, இருசாராரையும் அவரவர் விருப்பப்படி விட்டுவிடுதலே நடுவயதினராகிய நம் கடன். இந்த மண்ணில் நம் முன்னோர் அடிபட்டுப் பெற்றது ஒரு சட்டையை மட்டுமன்று. தம் உடலுக்கு எது தகும் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையையும் ஆகும்.

வித்துராத் தையற்காரர் புதிய அளவில் தைத்துக் கொடுத்த கால்சட்டைகள் நமக்கு நன்கு பொருந்தியுள்ளன. இரு பக்கமும் ஓர் அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டிருக்கிறார். "பின்னீடு வேண்டிவரும், சாரே" என்றார். வேண்டிவரத்தான் செய்யும்.